விலாசம் தெரிந்தவர்கள்

நெய்யாஃபு, வவாவு, டோங்கா
1976 செப்டம்பர் 5

மெத்துவாவுக்கு வைமோவானா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் என் வீட்டுக்காரர் மாக்காவும் சுகம். அவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் எப்படி விடும். என் தம்பி பெனிசிமானி, மருமகள் லோசே, பொடியன் கெப்பு, நீ எல்லோரும் சுகம்தானே.

கெப்புவின் முதல் பிறந்தநாளுக்கு நவம்பரில் ஆக்லாந்து வருகிறேன். இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன். அத்தை தலைமாட்டில் உட்காராத விருந்தை எங்கள் பக்கம் யாரும் விருந்தென்று சொல்ல மாட்டார்கள். நீ குக் தீவுக்காரி, உங்கள் பக்கம் வேறு வழக்கம் இருக்கலாம். எங்களில் பின்னிய பாய்தான் சொத்து; அக்கா வந்தால் தம்பி வீட்டு நல்ல பாயெல்லாம் அக்காவுக்கு. எங்கள் அப்பா இறந்தபோது எனக்கு வந்த பெரிய பாயைப் பற்றிப் பெனிசிமானி சொல்லியிருப்பான். என்னிடம் பாய் வருமே தவிர என்னிடமிருந்து போனதில்லை. பயப்படாதே, உன்னிடம் நல்ல பாய் இல்லையென்று தெரியும். ஒரு போர்வை போதும்.

போன வாரம் கப்பலேறி நுக்குவாலோஃபா போய், நியூசிலாந்து ஆபீசில் வந்து போவதற்கான அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். ஒரு கேள்வியையும் காலியாக விடவில்லை. அங்கிருந்த பெண், "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு, அக்கா" என்று சொன்னாள். மிஷன் பள்ளியில் அடி வாங்கிக் கற்றது வீண் போகவில்லை.

லோசேயை நன்றாகப் படிக்கச் சொல். பெற்றவளை இழந்த பிள்ளைக்கு இப்போது நீதான் தாய், கண்டிக்கவும் வேண்டும், கொஞ்சவும் வேண்டும். எல்லோருக்கும் என் முத்தங்கள்.

வைமோவானா

*

ஆக்லாந்து
1976 அக்டோபர் 30

மரியாதைக்குரிய மதினிக்கு மெத்துவா எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். மூன்று பேர் என்று எழுதியதுமே நீங்கள் நிமிர்ந்திருப்பீர்கள். என் டோங்கன் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

வியாழக்கிழமை விடிய ஐந்து மணி. அவர் இறைச்சி ஆலை வேலைக்குக் கிளம்பி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினார்கள். இரண்டு போலீஸ், கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர், ஒரு நாய். அவர் என்னைப் பார்த்தார். நான் லோசேயைப் பாய்க்கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளி மேலே இரண்டு பாயை இழுத்துப் போட்டேன். அதிகாரி அறையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்த ஸ்கூல் பை யாரோடது?" என்றார். "என்னோடது, சாயங்காலம் ஸ்கூலுக்குப் போறேன்" என்றேன். பையைத் திறந்து வாய்ப்பாட்டை எடுத்தார். "இந்த வயசுலயா?" "எனக்குப் பெருக்கல் வராதுங்க." போலீஸ்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் லோசே பிழைத்தாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம்.

உங்களிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். குக் தீவில் பிறந்ததால் எனக்கு நியூசிலாந்து பாஸ்போர்ட் உண்டு. கெப்பு இங்கேயே பிறந்தவன். அவருக்கும் லோசேக்கும் இருந்தது மூன்று மாத அனுமதி, அது எழுபத்து நாலிலேயே முடிந்தது. என்னைக் கல்யாணம் செய்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகாது என்று தெரிந்தபோது போய்க் கேட்கவே பயமாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் கதவைத் திறக்கலாம், இரண்டு பேர் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. "மதினிக்குச் சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "இந்த மாதிரி அசிங்கத்தையெல்லாம் அக்கா காதுல போடுறதா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒன்றுதான் என்னை அரிக்கிறது. அந்த அதிகாரி கையிலிருந்த தாளில் பெனிசிமானி லோலோஹேயா துய்மாட்டா என்று முழுப் பெயரும் இருந்தது. ஆலையில் அவர் பென். சபையில் பெனி. நடுப்பெயரை நானே கல்யாணப் பதிவேட்டில்தான் பார்த்தேன். வந்த வருஷமும் இருந்தது. யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப்புறம் இருக்கும் டக்ளஸ் கிழவனாக இருக்குமோ? நாங்கள் குழியடுப்பில் பன்றி சுட்டால் புகை என்று சண்டைக்கு வருகிறவன். ஆலையில் அவர் இடத்துக்குக் கண் வைத்த சலானியாக இருக்குமோ? சபையில் யார் பக்கத்தில் உட்காருவதென்றே தெரியவில்லை.

அவர் வந்து சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள்.

மெத்துவா

*

நெய்யாஃபு
1976 நவம்பர் 21

மெத்துவாவுக்கு,

இங்கே உடம்புக்குக் குறைவில்லை. மனதைப் பற்றிக் கேட்காதே.

என் தம்பி வந்து சேர்ந்தான். இரும்பு முனை வைத்த பூட்ஸும் ஒரு காகிதப் பையுமாகத் துறையில் இறங்கினான். வெளிநாடு போனவன் வந்தால் ஊரே துறைக்கு வரும். வந்தது, பையைப் பார்த்தது, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனது. அதற்கு அவர்கள் கேட்டிருக்கலாம்.

அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது எங்களில் இல்லை, உனக்குத் தெரியும். மாக்காவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "யாருடா காட்டிக் குடுத்தது?" "தெரியல மச்சான்." "சந்தேகமாவது இருக்கா?" "இருக்கட்டும் விடுங்க." அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே என் கிழங்குத் தோட்டத்தில் இறங்கிவிட்டான்.

அவன் விட்டாலும் நான் விடப்போவதில்லை. முழுப் பெயர் என்று நீயே எழுதியிருக்கிறாய். டக்ளஸுக்கு அவனுடைய நடுப்பெயர் தெரியுமா? சலானிக்குத் தெரியுமா? ஆக்லாந்தில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும் என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். உன் பாஸ்போர்ட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. உன் மகன் பத்திரமாக இருக்கிறான். போனது என் தம்பி ஒருவன்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். லோசேயை இங்கே அனுப்பிவிடு.

வைமோவானா

*

ஆக்லாந்து
1976 டிசம்பர் 12

மரியாதைக்குரிய மதினிக்கு,

நாங்கள் சுகம். கெப்பு நடக்கிறான். பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்து கதவைப் பூட்டிக்கொண்டு தின்றோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். லோசே படித்துவிடக் கூடாது. நான் என் புருஷனைப் பிடித்துக் கொடுத்தேன் என்கிறீர்கள். எதற்காக? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரட்டை வேலை பார்ப்பதற்கா? உங்கள் மீது எனக்குக் கோபம் வந்தது, மதினி. மரியாதையைக் கருதி அதற்கு மேல் எழுதவில்லை.

வீடு மாறிவிட்டோம். விலாசம் எழுதவில்லை, தவறாக நினைக்காதீர்கள். யாருக்கும் கொடுப்பதில்லை. இனிமேல் சபைக்கு எழுதுங்கள், பாதிரியார் வேயா கொண்டுவந்து கொடுப்பார். அவர் ஒருவருக்குத்தான் இந்த வீடு தெரியும்.

தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். போன சனிக்கிழமை என்னையும் நிறுத்தினார்கள். பாஸ்போர்ட்டை ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். தூள் தட்டிக் காட்டினேன். பக்கத்தில் லோசே நின்றாள். "இந்தப் பொண்ணு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "ஐத்துத்தாக்கி, சார். குக் தீவுல எங்கம்மா ஊரு" என்றாள். வீட்டுக்கு வந்து, "நல்லா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வதைக் கேட்டு நான் அழுதேன். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கதவு தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

ஆனால் ஒன்று. இங்கிருந்து போனால் அவள் திரும்பி வர முடியாது. அவளுக்கு நான்கு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், அது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் என்னை அம்மா என்கிறாள். அவரைத் திரும்பக் கூப்பிடவும் லோசேயை இங்கே வைத்துக்கொள்ளவும் விண்ணப்பம் வாங்கி, அவர் பெயருக்குத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் போதும். நீங்கள் சொன்னால் உடனே போடுவார்.

மெத்துவா

*

நெய்யாஃபு
1977 ஜனவரி 10

மெத்துவாவுக்கு,

புது வருஷம் பிறந்தது. சபையில் உனக்காகவும் ஜெபித்தேன், அதில் கஞ்சத்தனம் இல்லை.

இப்போது உன் விலாசம்கூட எனக்குக் கிடையாதா? தம்பி பெண்டாட்டி வீடு எந்தத் தெருவில் என்று ஊரில் கேட்கிறார்கள். பாதிரியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று சொல்லட்டுமா?

உன் உறை வந்தது. தபால் மாக்காவின் கடைக்குத்தானே வரும். என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். காட்டிக் கொடுத்தது யார் என்று தெரியாமல் அவனை மறுபடி அதே கையில் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. என் அனுமதியையும் மறுத்துத் தாள் வந்துவிட்டது. காரணம் எழுதவில்லை.

போன ஞாயிறு சாப்பாட்டில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அடுத்த அறையில் இருந்தவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். என் வாழ்நாளில் அவன் என் பேச்சைக் கேட்டு எழுந்து போனதில்லை. என்ன மருந்து வைத்தாய்?

வைமோவானா

*

ஆக்லாந்து
1977 பிப்ரவரி 26

மரியாதைக்குரிய மதினிக்கு,

சுகம். நீங்களும் மாக்கா அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

அவரைத் திரும்பக் கூப்பிட வேறு வழி உண்டா என்று கேட்கக் குடிவரவு ஆபீசுக்குப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருடைய பைலைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தார்கள்.

டக்ளஸுக்கு வாழைப்பழ ரொட்டி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவன் பயந்துவிட்டான். சலானியைச் சபையில் பார்த்து நலம் விசாரித்தேன். யார் சொன்னார்கள் என்று இனி யாரையும் கேட்கப் போவதில்லை.

உங்கள் கைவலி எப்படி இருக்கிறது? எழுத்து முன்போலவே அழகாக இருக்கிறது.

அவர் வாரம் தவறாமல் எழுதுகிறார். மழை, கிழங்கு, மாக்கா அண்ணனின் முழங்கால், எல்லாம் எழுதுகிறார். உங்களைப் பற்றி ஒரு குறையும் எழுதியதில்லை. இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மெத்துவா

*

நெய்யாஃபு
1977 மார்ச் 15

மெத்துவாவுக்கு,

சுக விசாரணையெல்லாம் இருக்கட்டும்.

அக்டோபரிலிருந்து யார் யார் என்று கேட்டவள் திடீரென்று நிறுத்திவிட்டாய். பைலைப் பார்த்தாய். அதில் பெயர் இருந்திருக்கிறது. உனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாய். அன்னியன் பெயராக இருந்தால் முதல் தபாலில் எழுதியிருப்பாய். யாரை மூடி மறைக்கிறாய்? உன் சொந்தக்காரர்களையா, உன்னையேயா? நடுவில் என் கைவலியை விசாரிக்கிறாய். எனக்கு எந்தக் காலத்தில் கைவலி இருந்தது?

மருமகள் விஷயத்தில் என் சொல்லைத் தம்பி தட்ட முடியாது, நீயும் தட்ட முடியாது. அந்த உரிமையை நான் இதுவரை எடுத்ததில்லை, இப்போது எடுக்கிறேன். ஏப்ரல் 28 விமானத்தில் பாதிரியார் வேயா மாநாட்டுக்கு வருகிறாராம். லோசேயை அவரோடு அனுப்பு. அவள் அத்தை சொல்கிறேன்.

வைமோவானா

*

ஆக்லாந்து
1977 ஏப்ரல் 3

மரியாதைக்குரிய மதினிக்கு,

லோசேயை அனுப்புகிறேன். பெட்டி கட்டிவிட்டேன்.

மாட்டேன் என்று சொல்லவும், நீங்கள் என்னிடம் மறுபேச்சுப் பேச முடியாதபடி செய்யவும் எனக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வரி போதும். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன். ஐந்து மாதமாக ஒருவர் அங்கே வாயை மூடிக்கொண்டு மண் வெட்டுகிறார். அவர் கட்டிக் காப்பதை நான் இடிக்கக் கூடாது.

லோசே கேட்டாள், "அங்க கதவு தட்டினா ஒளியணுமா?" வேண்டாம் என்றேன். "அப்ப நீங்களும் கெப்புவும் வாங்க." கெப்புவையும் என்னையும் யாரும் எங்கேயும் துரத்தவில்லையே, நாங்கள் எதற்கு வருவது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு இருட்டில் தூக்கம் வராது, ஒரு விளக்கு எரியட்டும். முட்டை ஆகாது, தடிக்கும். பெருக்கலில் ஏழாம் வாய்ப்பாடு பாக்கி.

மெத்துவா

*

தந்தி
நெய்யாஃபு, 1977 ஏப்ரல் 22
லோசேயை அனுப்பாதே. கடிதம் வருகிறது. வைமோவானா.

*

நெய்யாஃபு
1977 ஏப்ரல் 23

என் அன்பு மெத்துவாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே முடியவில்லை.

லோசே இங்கே வந்தபின் உன்னைப் பார்க்க வேண்டுமென்று அழுதால் நானே கூட்டிக்கொண்டு வரலாமே என்று, அனுமதிக்கு மறுபடி எழுதிக் கொடுக்க நுக்குவாலோஃபா போனேன். அதே பெண். என் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "வேற விலாசம் எழுதுங்க அக்கா. போன தடவை நீங்க குடுத்த வீட்ல இப்ப யாரும் இல்லைன்னு அங்கேருந்து எழுதியிருக்காங்க" என்றாள்.

என் தாள். என் கையெழுத்து. யார் வீட்டில் தங்குவீர்கள் என்ற கேள்விக்கு நேராக அவனுடைய மூன்று பெயர்களும், தெருவும், வீட்டு எண்ணும். என்ன உறவு? உடன்பிறந்த தம்பி. எப்போதிலிருந்து அங்கே இருக்கிறார்? 1974 பிப்ரவரி. அதற்குக் கீழே சிவப்பு மையில் யாரோ இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

"இது என்ன கோடு?" என்று கேட்டேன். அந்தப் பெண் குனிந்துகொண்டாள். "மூணு மாசம்தானே அக்கா அவருக்கு" என்றாள். அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தேன் தெரியுமா. எனக்கொரு தம்பி இருக்கிறான், அவனுக்கு அங்கே வீடு இருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனா? என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டான். நான் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மாக்காவை நடுவில் நிறுத்தவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்துக்கு நேரே பேசினேன். "உனக்குத் தெரியுமாடா?" மண்வெட்டியைக் கீழே வைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பிடிச்ச அன்னைக்கே அந்தத் தாளோட நகல் ஆபீசுல மேசை மேல இருந்துச்சு. அவ்ளோ அழகா வேற யாருக்கா எழுதுவாங்க." பிறகு, "மெத்துவாவுக்கு நான் சொல்லல" என்றான். நீயும் அவனுக்குச் சொல்லவில்லை, அப்படித்தானே. பிப்ரவரியில் பார்த்துவிட்டு என் கைவலியை விசாரித்தாய். உங்கள் இருவரையும் ஒரே வீட்டில் இருக்க விடாமல் செய்தவள் நான்.

உன்னை என்னவெல்லாம் எழுதினேன். நவம்பர் கடிதத்தை நீ எரித்தது நல்லது. எனக்கு ஒவ்வொரு வரியும் நினைவிருக்கிறது.

விண்ணப்பத்தில் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான், இதோடு வைத்திருக்கிறேன். இங்கிருந்து திரும்பும்போது பாதிரியார் ஒரு கட்டு கொண்டுவருவார். அப்பாவின் இறப்பில் எனக்கு வந்த பாய். மேலே யார் பெயரும் எழுதவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை உன்னைவிட மூத்தவள் உன்னிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பாயை அனுப்புகிறேன்.

லோசே உன் மகள். நீங்கள் இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லாதே. கேட்கவும் மாட்டேன்.

வைமோவானா

*

ஆக்லாந்து
1977 மே 29

அன்பு மதினிக்கு மெத்துவா எழுதுவது.

எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் மூன்று பேர்தான், இன்னும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். லோசேயின் பெயரையும் அதில் எழுத வேண்டியிருந்தது. பதில் வர எத்தனை மாதமாகும் என்று சொல்லவில்லை, வருமா என்றும் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

பாதிரியார் வேயா நேற்று வந்து கதவைத் தட்டினார். லோசே கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவர்தான் என்று சொல்லியும் வரவில்லை. நான் அவர் கொண்டுவந்த கட்டைப் பிரித்து, பாயின் ஒரு முனையை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த முனை மெதுவாக உள்ளே இழுபட்டது.

"தேங்கெண்ணெய் வாசம். இது அத்தை பாய்."

"ஆமாம்."

"அத்தைக்கு நாம இருக்கற இடம் எப்படித் தெரியும்?"

"தெரியாது. பாதிரியார்கிட்ட குடுத்துவிட்டிருக்காங்க."

"நீங்க சொல்லிட்டீங்களா? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இன்னும் சொல்லல. சொல்லலாமான்னு உன்னைத்தான் கேக்கறேன்."

கெப்பு பாயின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்தே சொன்னாள், "அத்தை எழுதி யார்கிட்டயும் குடுக்காம இருப்பாங்களா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். பிள்ளை தானாகக் கேட்டாள். இருப்பார்கள் என்று நான் உங்களுக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்புறம்தான் வெளியே வந்தாள். இப்போது அந்தப் பாயில்தான் தூங்குகிறாள்.

மாக்கா அண்ணனுக்கும், அவருக்கும், உங்களுக்கும் எங்கள் முத்தங்கள். இனிமேல் சபைக்கு எழுத வேண்டாம். வீட்டுக்கே எழுதுங்கள்.

மெத்துவா
பின்கட்டு, 31 ஹார்விக் தெரு
கிரே லின், ஆக்லாந்து